தங்கை கல்யாணத்துக்கு 900 தாம்பூலப் பை: துணியா, துணி மாதிரியா?

திருச்சி மலர்

எல்லோருக்கும் வணக்கம். வைகாசியில் தங்கைக்குக் கல்யாணம். மண்டபம் திருச்சியிலேயே. சாமான் வாங்கும் பொறுப்பு என் தலையில். "செலவு கையை மீறாமல் பார்த்துக்கொள், மற்றபடி உங்கள் இஷ்டம்" என்று அப்பா சொல்லிவிட்டார். மண்டபத்துக்குப் பின்னால் குப்பை மலைபோல் குவியாமல் ஒரு கல்யாணம் நடத்த வேண்டும் என்பது எனக்கும் தங்கைக்கும் ரொம்ப நாள் ஆசை.

ஆனால் கடைக்குப் போனால் குழப்பம்தான் மிஞ்சுகிறது. தாம்பூலப் பையில் மூன்று வகை காட்டினார்கள். முதலாவது மெத்தென்று துணி போலவே இருக்கிறது, 12 ரூபாய். "இதுவும் துணிதாம்மா, மக்கிடும்" என்கிறார் கடைக்காரர். இரண்டாவது மஞ்சள் பருத்திப் பை, 32 ரூபாய். மூன்றாவது சணல் பை, 75 ரூபாய். அதன்மேல் பச்சை இலை படமும் "பூமியின் நண்பன்" என்ற வாசகமும்.

காபிக்கு "மக்கும் பேப்பர் கப்" என்கிறார்கள். தண்ணீருக்கு மண்டபத்துக்காரர் குட்டி பாட்டில் வைக்கச் சொல்கிறார். சாப்பாடு வாழை இலையில், அதில் மாற்றமில்லை. வந்தவர்களுக்கு மரக்கன்று கொடுக்கலாமா என்று சித்தி கேட்கிறார்.

இவற்றில் எதற்குக் கூடுதல் காசு கொடுப்பது நியாயம்? எது வெறும் பச்சைப் பூச்சு? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

நொய்யல் சண்முகம்

தங்கச்சி, முதல் பையைத் தொடாதீர்கள். அது நான்-ஓவன். நூலும் இல்லை, நெசவும் இல்லை. பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக்கை உருக்கி இழையாக்கி, பரப்பி, சூட்டில் அழுத்தி ஒட்டியது. உற்றுப் பார்த்தால் சின்னச் சின்னப் புள்ளியாக அழுத்தின தடம் தெரியும். ஓரத்தைத் தைக்காமல் சூட்டில் ஒட்டியிருப்பார்கள். இன்னும் சந்தேகம் இருந்தால் ஓரத்தில் ஒரு துளி கத்தரித்து, இடுக்கியால் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாசனை வரும், தொட்டால் உதிரும் சாம்பல் மிஞ்சும். இது சுருங்கி, உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும்.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த 14 பொருள் பட்டியலில் நான்-ஓவன் பையும் இருந்தது. இன்றும் எல்லா ஊர்க் கடையிலும் துணி என்ற பெயரிலேயே விற்கிறார்கள்.

அடுத்து மஞ்சள் பை. நான் திருப்பூர்க்காரன், முப்பது வருடமாகச் சாயத் தொழில். அதனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பருத்தி என்றாலே பாவமில்லாத பொருள் என்று நினைக்காதீர்கள். அந்த மஞ்சளை மஞ்சள் கிழங்கில் எடுப்பதில்லை, பெரும்பாலும் ரசாயனச் சாயம்தான். சாயம் துணியில் ஏற உப்பு வேண்டும், அலச அலச நீர் வேண்டும். அந்த உப்புநீர் போன வழிதான் நொய்யல் ஆறு. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவைத் தேக்கும் குளமாக மாறி, கீழே இருந்த தோட்டங்களும் கிணறுகளும் கெட்டுப்போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரை ஒரு சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்ப எடுக்கும் ஏற்பாடு இருந்தால்தான் ஓட்டலாம் என்ற நிலை வந்த பிறகே மீண்டும் திறந்தோம். அதற்கு ஆகும் செலவும் மின்சாரமும் கொஞ்சமல்ல.

அதனால் என் யோசனை இது. சாயமே வேண்டாம். காடாத் துணியில் பை தைக்கச் சொல்லுங்கள். பல்லடம், ஈரோடு பக்கம் விசைத்தறியில் இறங்குகிற, வெளுக்காத, சாயம் ஏற்றாத துணி. பழுப்பு வெள்ளையாக, அங்கங்கே பருத்திக் கொட்டைத் துணுக்கோடு இருக்கும். பார்க்கவும் லட்சணம், விலையும் சாயத் துணியைவிடக் குறையும். சணல் பை நல்ல சரக்குதான், ஆனால் உள்ளே தடவிப் பாருங்கள். வழுவழுவென்று இருந்தால் பிளாஸ்டிக் பூசியிருக்கிறார்கள்.

---

குமரன் 77

எல்லோரும் ஆசைப்பட்டுச் செய்வதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் துறை 2018-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. ரசாயன உரமில்லாமல் விளைந்த இயற்கைப் பருத்தியில் செய்த பை ஒன்றை 20,000 தடவை பயன்படுத்தினால்தான் கடையில் தரும் பிளாஸ்டிக் பையைவிட மேல் என்று அதில் இருக்கிறது. தினம் ஒரு தடவை என்றாலும் 54 வருடம். 900 பருத்திப் பை அடித்துக் கொடுத்து, அதில் 850 பீரோவுக்குள் போய்த் தூங்கினால் அது சுற்றுச்சூழலுக்குச் செய்த நன்மையா, கெடுதலா? நேர்மையாகக் கேட்கிறேன்.

---

கணக்கு வாத்தியார்

குமரன், கேள்வி நியாயமானது. அந்த எண்ணை மட்டும் முழுசாகப் பார்ப்போம்.

அந்த டென்மார்க் ஆய்வு பல வகைப் பாதிப்புகளைத் தனித்தனியாகக் கணக்கிட்டது. 20,000 என்பது ஓசோன் படலம் உட்பட எல்லா அளவுகோல்களிலும் பருத்தி ஜெயிக்க வேண்டும் என்றால் வருகிற எண். பருவநிலையை மட்டும் எடுத்தால் சாதாரணப் பருத்திப் பைக்கு 52 தடவை, இயற்கைப் பருத்திக்கு 149. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் வெளியிட்ட ஆய்வும் இதே திசையில்தான் இருக்கிறது. மெல்லிய பிளாஸ்டிக் பையை ஒரே தடவை பயன்படுத்தி எறிவதோடு ஒப்பிட்டால், காகிதப் பை 3 தடவை, நான்-ஓவன் 11 தடவை, பருத்தி 131 தடவை. வாரம் ஒரு தடவை சந்தைக்கு எடுத்துப் போனால் இரண்டரை வருடத்தில் 131 வந்துவிடும். நல்ல காடாப் பை அதற்கு மேலும் உழைக்கும்.

இரண்டாவது விஷயம்தான் முக்கியம். இந்த ஆய்வுகள் குப்பை ஒழுங்காக எரியூட்டும் ஆலைக்கோ குழிக்கோ போகும் நாடுகளைப் பற்றியவை. வாய்க்காலை அடைத்த பை, மாட்டின் வயிற்றில் போய் உட்கார்ந்த பை, வயலில் புதைந்து கிடக்கும் பை, இவையெல்லாம் அந்தக் கணக்கில் வரவே இல்லை. நம் ஊரில் பிளாஸ்டிக் பை மீதான புகாரே அங்கேதான் தொடங்குகிறது.

அதற்காக நீங்கள் சொன்ன 850 பை பொய்யாகிவிடாது. பயன்படாத பருத்திப் பை உண்மையிலேயே தண்டம். மலர், உங்கள் வீட்டிலேயே எத்தனை தாம்பூலப் பை சும்மா கிடக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். ஏன் கிடக்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

---

திருச்சி மலர்

எடுத்துப் பார்த்தேன் சார். அம்மா ஒரு பெரிய பைக்குள் போட்டு அடைத்து வைத்திருக்கிறார். எல்லாமே ஒரு தேங்காய், நாலு வெற்றிலை கொள்ளும் அளவு. காது ஒரு விரல் அகலம். முன்பக்கம் முழுக்க மாப்பிள்ளை பெண் படம், பின்பக்கம் முகூர்த்த நேரம், மண்டப விலாசம். இதைத் தூக்கிக்கொண்டு யாரும் காய்கறி வாங்கப் போக மாட்டார்கள்.

---

நொய்யல் சண்முகம்

விடை கையில் கிடைத்துவிட்டது பாருங்கள். கொடுக்கிற பை பயன்பட வேண்டும் என்றால் மூன்று விஷயம். அளவு 14க்கு 16 அங்குலம், அடியில் மடிப்பு வைத்து. காது தோளில் மாட்டும் நீளம், கீழே குறுக்கும் நெடுக்குமாகத் தையல் போட்டு. காது பிய்ந்தால் பையின் ஆயுள் முடிந்தது, ஐந்து கிலோ அரிசி போட்டுத் தூக்கிப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். அச்சு ஒரு மூலையில் சின்னதாக, இரண்டு பெயரும் ஊரும் போதும். முழுப் பையையும் மூடுகிற அச்சு பெரும்பாலும் பிளாஸ்டிசால், அதுவும் பிளாஸ்டிக் பூச்சுதான். தண்ணீரில் கரைத்துப் போடும் பிக்மென்ட் அச்சு கேளுங்கள், இங்கே எல்லா அச்சகத்திலும் செய்கிறார்கள்.

900 வேண்டாம். குடும்பத்துக்கு ஒன்று என்று கொடுத்தால் 350 போதும்.

---

கொட்டகை செல்வி

இந்த உரையாடலைப் பார்த்ததும் எழுதியே ஆக வேண்டும் போல இருந்தது. கோவைப் பக்கம் ஒரு ஊராட்சியில் குப்பை தரம் பிரிக்கும் கொட்டகையை மேற்பார்க்கிறேன். முகூர்த்த நாளுக்கு மறுநாள் எங்கள் தூய்மைக் காவலர்கள் படும் பாட்டை எழுதினால் யாருக்கும் சாப்பாடு இறங்காது.

நாங்கள் பார்ப்பது ஒன்றுதான்: இதைக் காயலான் கடைக்காரர் எடுப்பாரா, மாட்டாரா? தண்ணீர் பாட்டில், பால் கவர், அட்டைப்பெட்டி, எவர்சில்வர் எல்லாம் போகும். எதற்கும் போகாமல் எங்கள் தலையிலேயே நிற்பவை வேறு.

பேப்பர் கப் அதில் முதலிடம். காகிதம் என்று நம்பி வாங்குகிறார்கள். உள்ளே பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கிறது, இல்லாவிட்டால் காபி ஒழுகிவிடும். காகித ஆலைக்கும் போகாது, பிளாஸ்டிக் ஆலைக்கும் போகாது. 2019 தடைப் பட்டியலில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் உண்டு. காரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-ல் சொன்னதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 100 மில்லி சூடான பானம் 15 நிமிடம் அந்தக் கப்பில் இருந்தால் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள் அதில் இறங்குகிறது.

அப்புறம், இயற்கை அங்காடிகளில் சிறுதானியமும் நாட்டுச் சர்க்கரையும் போட்டுத் தரும் பழுப்புக் காகிதப் பை. நின்றுகொண்டு இருக்கும், ஜிப் வைத்திருக்கும், நடுவில் கண்ணாடி மாதிரி ஜன்னல். பார்க்கக் கிராமத்துப் பொட்டலம் போல அழகு. பிரித்தால் காகிதத்துக்கு உள்ளே பளபளவென்று இன்னொரு தாள், அதற்குள் இன்னொன்று. எங்கள் பெண்கள் நகத்தால் கீறிப் பிரிக்கப் பார்த்திருக்கிறார்கள், முடியாது. சாதாரண வெள்ளை பிளாஸ்டிக் கவரையாவது நாங்கள் விற்க முடியும், இந்தப் பசுமைப் பையை விற்க முடியாது. நல்ல எண்ணத்தோடு அதிக விலை கொடுத்து வாங்குகிறவர்கள் வீட்டிலிருந்துதான் இது அதிகம் வருகிறது. எனக்கு அதுதான் மிகவும் வருத்தம்.

மலர், உங்கள் கல்யாணத்தில் ஒரே ஒரு விதி வைத்தால் போதும் என்று நான் கெஞ்சிக் கேட்பது: வாழை இலைமேல் பிளாஸ்டிக் எதுவும் வரக்கூடாது. இனிப்பைச் சுற்றிய தாள், பீடா சுற்றிய கவர், ஐஸ்கிரீம் கப், கரண்டி, எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்து இலைக்குள் வைத்து மடித்துவிடுகிறார்கள். அதை அப்படியே மாடு தின்கிறது. இலை மட்டும் தனியாக வந்தால் எங்களுக்கு அது உரம்.

---

பந்தி ரவி

செல்வி அக்கா சொன்னதை அப்படியே ஒத்துக்கொள்கிறேன். நான் கும்பகோணம், சமையல் கான்ட்ராக்ட். என் பக்கத்து நடைமுறையையும் சொல்லிவிடுகிறேன்.

எவர்சில்வர் டம்ளர் கேட்டால் பல கான்ட்ராக்டர்கள் மறுப்பதற்குக் காரணம் ஆள். கழுவ ஆள் வேண்டும், எண்ணி வைக்க ஆள் வேண்டும், நூறு டம்ளர் போனால் ஐந்தாறு காணாமல் போகும். கொரோனாவுக்குப் பிறகு "யார் குடித்த டம்ளரோ" என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. அதனால்தான் குட்டி பாட்டில் வந்து ஒட்டிக்கொண்டது. அந்தப் பாட்டிலைத் திறந்து இரண்டு வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டுப் போகிறார்கள். பந்தி முடிந்ததும் பாதிக்குப் பாதி தண்ணீரோடு பாட்டிலைக் கூடையில் அள்ளுவது எனக்கே மனசு கேட்காது.

900 பேர் என்று பயப்படாதீர்கள். பந்திக்கு 250 பேர் உட்கார்ந்தால் 300 டம்ளரில் கல்யாணம் முடிந்துவிடும். பாத்திர வாடகைக் கடையில் டம்ளரும் டபராவும் எண்ணிக்கை வைத்துத் தருவார்கள். கழுவ நாலு ஆள் கூடுதலாகப் போடுங்கள். நல்ல கூலி கொடுங்கள், அதைத் தனியாக எழுதி எங்களிடம் தந்துவிடுங்கள். கடைசியாகப் பாத்திரத்தைக் கொதிநீரில் முக்கி எடுப்பது எல்லோர் கண்ணிலும் படும்படி வெளியே அண்டா வைத்துவிட்டால் முகம் சுளிப்பவர்களும் எடுத்துக் குடிப்பார்கள், நான் பார்த்திருக்கிறேன். பாட்டிலுக்கும் பேப்பர் கப்புக்கும் ஆகிற காசில் இந்தக் கூலி பெரும்பாலும் அடங்கிவிடும்.

மேசைமேல் விரிக்கும் பிளாஸ்டிக் ரோலும் தடைப் பட்டியலில் இருப்பதுதான். மண்டபத்து மேசை கல்லோ தகடோ என்றால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு இலை போடலாம். முன்காலத்தில் அப்படித்தான் போட்டோம்.

இன்னொன்று, இதை யாரும் சுற்றுச்சூழல் கணக்கில் சேர்ப்பதில்லை. இலையில் மிச்சம் விடும் சாப்பாடு. 24 அயிட்டம் போட்டால் ஒன்பதை யாரும் தொடுவதில்லை. நெல் விளைய ஓடிய தண்ணீர், பருப்பு வந்த லாரி, கேஸ், எல்லாம் அந்த இலையோடு குப்பைக்குப் போகிறது. அயிட்டத்தைப் பதினைந்துக்குக் கொண்டு வாருங்கள். கேட்டுக் கேட்டுப் பரிமாறச் சொல்லுங்கள். நீங்கள் மிச்சப்படுத்துவதில் இதுவே பெரியதாக இருக்கும்.

---

வதனி, டோர்ட்மண்ட்

வணக்கம் மலர். நான் யாழ்ப்பாணம், இப்ப ஜெர்மனியில் இருக்கிறன். டம்ளர் காணாமல் போற விசயத்துக்கு மட்டும் ஒரு கருத்து.

இங்கை நத்தார் (கிறிஸ்துமஸ்) சந்தையில் சூடான பானம் பீங்கான் கோப்பையில்தான் தருவினம். கோப்பைக்குத் தனியா முற்பணம் வாங்குவினம், திருப்பிக் குடுத்தால் காசு திரும்ப வரும். தண்ணிப் போத்தலுக்கும் அப்படித்தான். 2003இல் இருந்து ஒருதரம் பாவிக்கிற போத்தலுக்கு 25 சென்ட் முற்பணம் வைத்திருக்கினம். வீதியில் ஒரு போத்தல் கிடந்தால் ஆராவது பொறுக்கிக்கொண்டு போய்க் காசாக்கிப் போடுவினம். சனம் நல்லவையா கெட்டவையா எண்ட கேள்விக்கே அங்கை இடமில்லை, ஏற்பாடு அப்படி.

கலியாண வீட்டில் முற்பணம் வாங்க ஏலாது எண்டு தெரியும். ஆனால் எடுத்து வைக்கிற இடம் கண்ணுக்குத் தெரியிற மாதிரி இருந்தால் முக்கால்வாசி திரும்ப வந்திடும்.

---

குமரன் 77

வதனி சொன்ன ஏற்பாடு என்ற வார்த்தையைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். நம் நீலகிரியிலும் அது நடந்திருக்கிறது. உயர்நீதிமன்றம் சொன்னதால் 2022 மே மாதம் முதல் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாயைத் தருகிறார்கள். காட்டுக்குள் யானை காலில் குத்திய கண்ணாடி குறைந்ததற்குக் காரணம் அந்தப் பத்து ரூபாய்தான், பிரசங்கம் அல்ல.

என் ஆதங்கம் இதுதான். எல்லாப் பாரத்தையும் வாங்குகிறவர் தலையில் ஏற்றுகிறோம். சாஷே ஷாம்பு கடலூரில் பிறந்தது. சின்னி கிருஷ்ணன் என்பவரின் யோசனையை வைத்து அவர் குடும்பத்தார் வெல்வெட் ஷாம்புவைச் சின்னச் சாஷேயில் போட்டு விற்கத் தொடங்கியதால்தான் கூலி வேலைக்குப் போகிறவரும் ஷாம்பு வாங்க முடிந்தது. அது நல்லதுதான். ஆனால் அந்த உறையை இன்று எந்தக் காயலான் கடையும் எடுப்பதில்லை. தினக்கூலிக்காரரிடம் போய் "பெரிய பாட்டில் வாங்குங்கள், பூமிக்கு நல்லது" என்று யார் சொல்வது? உறையைச் செய்கிறவரே அதைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று மத்திய அரசு விதி வைத்திருக்கிறது. அதை நடத்திக் காட்டச் சொல்லி நாம் கேட்க வேண்டும். காசு இருப்பவர்கள் நல்ல பொருளாகப் பார்த்து வாங்கிக்கொண்டு நிம்மதியாகிவிட்டால் அந்தக் கேள்வியைக் கேட்க ஆளே இருக்காது.

---

மதுரை மளிகை

குமரன் தம்பிக்கு ஒரு வார்த்தை. நான் கடை வைத்திருக்கிறேன். பாத்திரம் கொண்டு வந்தால் அரிசி, பருப்பு, சீனி எல்லாம் சந்தோஷமாக அளந்து போடுவேன். முதலில் காலிப் பாத்திரத்தை எடை போட்டுக் கழித்துக்கொள்வது எங்களுக்கு ஒன்றும் சிரமமில்லை. ஆனால் "எண்ணெயும் சில்லறையாக ஊற்றுங்கள்" என்று கேட்கிறார்கள். சமையல் எண்ணெயை அடைக்காமல் சில்லறையில் விற்கக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி, கலப்படத்தைத் தடுக்க வைத்தது. "பழையபடி செய்தித்தாளில் பொட்டலம் கட்டுங்கள்" என்கிறார்கள். அச்சு மையில் ஈயம் முதலானவை இருப்பதால் உணவைச் செய்தித்தாளில் கட்டவும் தடை. ஆகவே எல்லாவற்றையும் அந்தக் காலத்துக்குத் திருப்ப முடியாது. முடிந்ததைச் செய்வோம். முடிந்ததே நிறைய இருக்கிறது.

---

யூனிட் சுந்தரம்

மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். மலர் அம்மா, பை, கப் எல்லாம் ஒரு நாள் விஷயம். உங்கள் தங்கை புதுக்குடித்தனம் போகும்போது வாங்கும் சாமான் பட்டியல் எங்கே? ஃபேன், ஃப்ரிட்ஜ், வாஷிங் மிஷின், ஒருவேளை ஏசி. இது பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு ஓடப்போகிறது. பசுமையாக வாங்க வேண்டும் என்றால் யோசனையை அதில் செலவழியுங்கள்.

சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. என்ற மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார் வைத்த ஃபேன் முழு வேகத்தில் 28 முதல் 35 வாட். 40 வாட் மிச்சம் என்று வையுங்கள். திருச்சி வெயிலுக்கு ஒரு ஃபேன் நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் 0.6 யூனிட். மூன்று ஃபேனுக்கு இரண்டு மாதத்தில் 108 யூனிட், வருடத்துக்கு 650 பக்கம். நம் நாட்டு மின்சாரம் பெரும்பகுதி நிலக்கரியில் வருவதால் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. ஆக வருடத்துக்கு 450 கிலோ மிச்சம்.

வாத்தியார் சொன்ன அதே இங்கிலாந்து ஆய்வில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பைக்குச் சுமார் 20 கிராம்தான் வருகிறது. அந்த மூன்று ஃபேன் ஒரு வருடத்தில் மிச்சப்படுத்துவது இருபதாயிரம் பைக்கு மேல். அதனால் பிளாஸ்டிக் பை வாங்கலாம் என்று சொல்ல வரவில்லை, வாய்க்காலை ஃபேன் அடைக்காது, பைதான் அடைக்கும். இரண்டும் வேறு வேறு கெடுதல். ஆனால் பைக்காக நாலு கடை ஏறி இறங்குகிறவர், ஃபேனைக் கடைக்காரர் காட்டியபடி வாங்கிவிட்டு வருவது எனக்குப் பொறுக்கவில்லை.

காசுக் கணக்கும் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் நம் ஊரில் கட்டண விகிதமே மாறிவிடும். அந்த 108 யூனிட் பல வீடுகளை 500க்குக் கீழே நிறுத்திவிடும்.

ஃப்ரிட்ஜ் வாங்கும்போது மின்சிக்கன ஸ்டிக்கரில் உள்ள நட்சத்திரத்தை மட்டும் எண்ணாதீர்கள். நட்சத்திரம் அந்த அளவுக்குள் எவ்வளவு சிக்கனம் என்று மட்டும் சொல்கிறது. பெரிய ஃப்ரிட்ஜ் நாலு நட்சத்திரம் வாங்கியிருந்தும், சின்ன ஃப்ரிட்ஜ் இரண்டு நட்சத்திரத்தைவிட அதிகம் இழுக்கலாம். ஸ்டிக்கரில் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று பெரிய எண்ணாகப் போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். எந்த வருடத்து ஸ்டிக்கர் என்பதையும் பாருங்கள். ஏசிக்கு 2022 ஜூலையில் அளவை இறுக்கினார்கள், அதற்கு முன் ஐந்து நட்சத்திரமாக இருந்தது அதன் பிறகு நாலாக இறங்கியது. இருவருக்கு 190 லிட்டர் ஃப்ரிட்ஜ் தாராளம்.

ஏசி வாங்குவதாக இருந்தால் உள்ளே குளிரூட்டும் வாயு ஆர்-32 தானா என்று கேளுங்கள். கசிந்தால் கரியமில வாயுவைப்போல 675 மடங்கு சூடேற்றும். பழைய ஆர்-410ஏ 2,000 மடங்குக்கு மேல். எதுவானாலும் வருடாவருடம் "கேஸ் போடணும்" என்று வருகிறவரிடம் கசிவை முதலில் அடைக்கச் சொல்லுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஃபேனைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது மாட்டச் சொல்லவில்லை. ரொம்ப நேரம் ஓடும் கூடத்து ஃபேனை முதலில் மாற்றலாம். மற்றது காயில் எரியும்போது பார்த்துக்கொள்ளலாம்.

---

வழக்கறிஞர் தேவி

"மக்கிடும்" என்று சொன்ன கடைக்காரரைப் பற்றி ஒரு குறிப்பு. மக்கும் பிளாஸ்டிக் என்று விற்க வேண்டுமானால் ஐ.எஸ். 17088 தரத்தில் சோதித்து, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். சான்றிதழ் எண் பொருளின்மேல் இருக்க வேண்டும். எண் இல்லாத "மக்கும்" வெறும் வாய்ச்சொல். எண் இருந்தாலும் அது 58 டிகிரி சூட்டில் நடத்தும் உரமாக்கும் நிலையத்தில் மக்கும் என்று பொருள். கொல்லையில் புதைத்தால் அந்த வேகத்தில் மக்காது.

2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்கென்றே வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கிறது. "பசுமை", "பூமிக்கு உகந்தது", "இயற்கையானது" என்று பொத்தாம்பொதுவாகப் போட்டுவிட்டுப் போக முடியாது. எந்த விதத்தில், முழுப் பொருளுமா அல்லது உறை மட்டுமா, ஆதாரம் எங்கே என்று சொல்ல வேண்டும். நிறுவனத்துக்கு எழுதிக் கேட்கலாம், பதில் இல்லையென்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். சணல் பையில் "பூமியின் நண்பன்" என்று போட்டவர் யாரோ, அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது. 1991-லேயே மண்பானைச் சின்னத்தோடு ஈகோமார்க் என்று அரசு முத்திரை ஒன்றைக் கொண்டு வந்தது. கடையில் அதைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு, அதுவே பெரிய இழப்பு.

இன்னொன்று. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடையில் இருக்கும் பட்டியலைக் கல்யாண வீட்டார் ஒருதரம் படித்துவிடுங்கள். அழைப்பிதழ்மேலும் இனிப்புப் பெட்டிமேலும் சுற்றும் பிளாஸ்டிக் தாள், அலங்கார தெர்மாகோல், 100 மைக்ரானுக்குக் குறைந்த பி.வி.சி. பேனர், பலூன் குச்சி எல்லாம் அதில் இருக்கிறது.

---

திருச்சி மலர்

இவ்வளவு பேர் நேரம் எடுத்து எழுதியதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் அச்செடுத்துத் தங்கையோடும் அப்பாவோடும் உட்கார்ந்து பேசினோம்.

காடாப் பை 350, குடும்பத்துக்கு ஒன்று. சண்முகம் அண்ணன் சொன்ன அளவு, மூலையில் சின்ன அச்சு. தனியாக வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கும் தேங்காயும் கையில் கொடுத்துவிடுவோம். பேப்பர் கப், குட்டி பாட்டில், மேசை ரோல் மூன்றும் கிடையாது. ரவி அண்ணன் சொன்ன மாதிரி 300 டம்ளர் வாடகை, கழுவ நாலு பேருக்குக் கூலி தனி. அயிட்டம் பதினாறு. அப்பா ஒரு பாயசத்தில் பிடிவாதமாக நின்றுவிட்டார். ஐஸ்கிரீமுக்குப் பதில் அந்த இரண்டாவது பாயசம்.

மேடையில் பூ செருகும் பச்சை ஸ்பாஞ்ச் வேண்டாம், அது நுண்பிளாஸ்டிக்காக உதிரும் என்று தெரிந்துகொண்டேன். வாழைமரம், தென்னங்குருத்துத் தோரணம், ஸ்ரீரங்கத்துப் பூக்காரரிடம் கட்டிய சரம். மரக்கன்று கேட்பவர்களுக்கு மட்டும் ஐம்பது. அடுக்குமாடியில் இருப்பவரிடம் வேப்பங்கன்றைக் கொடுத்து என்ன செய்ய?

ஃபேன் மூன்றும் பி.எல்.டி.சி., சுந்தரம் ஐயா. மாப்பிள்ளை வீட்டில் 300 லிட்டர் ஃப்ரிட்ஜ் எதிர்பார்த்தார்கள். தங்கையே பேசி 190-க்குச் சம்மதம் வாங்கிவிட்டாள்.

ஒன்றுதான் பாக்கி. நாலு பந்தி இலை ஒரே மதியத்தில் சேரும். அதை எங்கே அனுப்புவது? செல்வி அக்கா, வழி சொல்லுங்கள்.

---

கொட்டகை செல்வி

மலர், மனசு நிறைந்துவிட்டது.

திருச்சி மாநகராட்சியில் வார்டுவாரியாக நுண் உரமாக்கல் மையங்கள் இருக்கின்றன. மண்டபம் இருக்கும் வார்டின் சுகாதார ஆய்வாளரை இரண்டு வாரம் முன்னாலேயே பார்த்து, தேதியும் எத்தனை இலை என்பதும் சொல்லுங்கள். அன்று மாலையே வண்டி வரும்படி கேளுங்கள், மறுநாள் என்றால் புளித்து நாறும். பந்தி எடுக்கும் இடத்தில் மூன்று தொட்டி வையுங்கள்: இலைக்கும் சாப்பாட்டுக்கும் ஒன்று, டம்ளருக்கு ஒன்று, மற்ற எல்லாவற்றுக்கும் ஒன்று. எழுதி ஒட்டினால் மட்டும் போதாது. இலை எடுக்கிறவர்களுக்குக் காலையிலேயே ஐந்து நிமிடம் நின்று சொல்லிக் கொடுங்கள், அவர்களுக்கு ரப்பர் கையுறையும் வாங்கி வைத்துவிடுங்கள். தேங்காய் மட்டை, வாழைமரத் தண்டு இரண்டையும் இலையோடு சேர்க்காமல் தனியாகப் போடச் சொல்லுங்கள், அவை வெட்டும் இயந்திரத்துக்குப் போக வேண்டும்.